அணைக்குக் கீழேயும் ஆறு இருக்கிறது

காலையில் கண் விழித்துப் பார்த்தபோது எங்கள் படகு மணலில் கிடந்தது.

முந்தின நாள் ராத்திரி அதைக் கட்டும்போது முழங்கால் அளவு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீர் பத்தடி தள்ளிப் போயிருந்தது. சாமான்களோடு சேர்த்து ஒரு டன்னுக்குக் குறையாத ரப்பர் படகு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. எங்கள் கைடு மட்டும் பதறாமல் அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக கொலராடோ ஆற்றில் படகு ஓட்டுகிறவர்.

"தள்ளாதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். ஒன்பது மணிக்குத் தண்ணியே வந்து தூக்கும்" என்றார்.

எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "நேத்து விடியற்காலை மூணு மணிக்கு உங்க ஃபீனிக்ஸ் தூங்கிட்டு இருந்தது. யாரும் கரன்ட் கேக்கல. அணையில தண்ணியைக் குறைச்சுட்டாங்க. அந்தக் குறைஞ்ச தண்ணிதான் இப்ப இங்க வந்திருக்கு. அப்புறம் ஊர் எழுந்து ஸ்விட்சைப் போட்டிருக்கும் இல்ல, அந்தத் தண்ணி பின்னாடி வந்துட்டிருக்கு."

அணை அங்கிருந்து நூறு மைலுக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஏற்றி இறக்கும் தண்ணீர் அலையாக ஓடி எங்கள் கூடாரத்தை வந்து தொட ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. சொன்னது போலவே ஒன்பது மணி சுமாருக்குப் படகு மிதந்தது.

நான் கொள்ளிடக் கரையில் பிறந்தவன். ஆற்றில் தண்ணீர் வரும், வராது, வெள்ளம் வரும், எல்லாம் தெரியும். ஒரு ஆறு நகரத்து மனிதர்களின் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் ஏற்றபடி நாள்தோறும் ஏறி இறங்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நான் போடுகிற ஏசி ஸ்விட்சுக்கும் அந்த ஈர மணலுக்கும் உள்ள தொடர்பு அதன் பிறகு மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேட்டூரைப் போலப் பதினொரு மடங்கு

அரிசோனாவின் வடக்கு எல்லையில் பேஜ் என்ற சிற்றூர் அருகே நிற்கிறது கிளென் கேன்யன் அணை. அடிப்பாறையிலிருந்து 710 அடி உயரம். 1963-இல் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பின்னால் உண்டான பவல் ஏரி முதன்முறையாக நிரம்பியது 1980-இல். நிரம்ப மட்டும் பதினேழு வருஷம்! இப்போதைய கொள்ளளவு நம் கணக்கில் ஏறக்குறைய 1,100 டிஎம்சி. மேட்டூரின் 93.47 டிஎம்சியோடு ஒப்பிட்டால் பதினொரு மடங்குக்கும் அதிகம்.

அணைக்குக் கீழே பதினைந்து மைலில் லீஸ் ஃபெர்ரி என்ற படகுத்துறை. அங்கிருந்து 277 மைல் நீளத்துக்கு கிராண்ட் கேன்யன். இந்தியாவிலிருந்து உறவினர்கள் வந்தால் நாம் எல்லோரும் கூட்டிக்கொண்டு போய், மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோமே, அதே பள்ளத்தாக்குதான். மேலிருந்து பார்த்தால் ஆறு பச்சை நூல் போலத் தெரியும். அழகாக இருக்கிறது என்போம். அந்தப் பச்சைதான் கோளாறே.

கொலராடோ என்ற ஸ்பானிய சொல்லுக்குச் செந்நிறம் கொண்டது என்று பொருள். செம்மண்ணும் மணலும் கரைத்துக்கொண்டு ஓடிய ஆறு அது. இப்போது அந்த மண் எல்லாம் பவல் ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. அணையிலிருந்து வெளியே வருவது வடிகட்டிய, தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். கிராண்ட் கேன்யனின் மேல்பகுதிக்கு முன்பு வந்த மணலில் நூற்றில் ஐந்தாறு பங்குதான் இன்று வருகிறது. அதுவும் அணைக்குக் கீழே வந்து சேரும் பரியா என்ற சிற்றாறு மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு வருவது. இன்னும் கீழே லிட்டில் கொலராடோ ஆறு கொஞ்சம் கொண்டு வருகிறது.

மணல் போனால் என்ன என்று தோன்றலாம். நாங்கள் படுத்துத் தூங்கிய திட்டு அந்த மணல்தான். ஆற்றின் ஓரத்தில் மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் தேங்கிய நீர்ப்பகுதிகளை உண்டாக்குவதும் அந்தத் திட்டுகள்தான். காற்றில் பறந்து மேலே ஏறும் மணல், ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் வீடுகளையும் அடுப்புகளையும் போர்வை போல மூடிக் காத்து வந்தது. மணல் வரவு நின்றதும் அந்த இடங்கள் அரிக்கப்பட்டு வெளியே தெரிய ஆரம்பித்தன. ஹோப்பி, நவஹோ, ஜூனி, ஹுவாலபாய், தெற்குப் பையூட் மக்களுக்கு அவை தொல்லியல் தளங்கள் மட்டுமல்ல, முன்னோர் இருந்த இடம்.

மொத்தம் வேறு, நேரம் வேறு

அணை என்றாலே நமக்கு ஒரே கேள்விதான் தெரியும்: எவ்வளவு திறந்தார்கள்? இங்கேயும் அதேதான். 1922-இல் ஏழு மாநிலங்கள் கொலராடோவைப் பங்கு போட்டுக்கொண்டன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு 15 லட்சம். கிளென் கேன்யனிலிருந்து சாதாரண வருஷத்தில் விட வேண்டியதாகப் பல காலம் வைத்திருந்த அளவு 82.3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது சுமார் 358 டிஎம்சி. இந்த வருடக் கணக்கு தீர்ந்தால் எல்லா மாநிலமும் திருப்தி.

ஆனால் அந்த 358 டிஎம்சியை எந்த மணியில், எந்த வேகத்தில் விடுவது? அந்தக் கேள்வியை ரொம்ப நாள் மின்சாரம் மட்டுமே தீர்மானித்தது. எட்டு டர்பைன்கள், 1,320 மெகாவாட். நிலக்கரி, அணு மின் நிலையங்களைச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது. நீர்மின்சாரத்தை முடியும். மாலையில் விலை ஏறும்போது மதகைத் திறந்து, ராத்திரி விலை விழும்போது மூடினால் லாபம். 1990 வரை ஒரே நாளில் விநாடிக்கு மூவாயிரம் கன அடியிலிருந்து முப்பதாயிரம் வரை தண்ணீர் ஏறி இறங்கியது உண்டு. சில இடங்களில் நீர்மட்டம் ஒரு நாளுக்குள் பத்தடிக்கு மேல் மாறும். கடலே இல்லாத ஊரில் ஓதம்!

அந்த ஏற்ற இறக்கம் மிச்சமிருந்த மணலையும் கரைத்துக்கொண்டு போனது. 1982-இல் ஆய்வுகள் தொடங்கின. அதற்கு அடுத்த வருஷமே இன்னொரு பாடமும் கிடைத்தது. 1983 கோடையில் எதிர்பாராமல் பனி ஒரேயடியாக உருகி ஏரி தளும்பியது. உபரிநீர் சுரங்கங்களில் பாய்ந்த வேகத்தில் கான்கிரீட் பெயர்ந்து, அதற்குப் பின்னால் இருந்த பாறையே குடைந்தது. சுரங்கங்களை மூடி வைத்து நேரம் வாங்குவதற்காக, மதகுகளின் மேல் ஒட்டுப்பலகைகளை நிறுத்தி ஏரியின் விளிம்பை நாலடி உயர்த்தினார்கள். உலகின் பெரிய அணைகளில் ஒன்றைச் சில நாள் தாங்கியது பலகை! எவ்வளவு பெரிய பொறியியலும் ஆற்றின் முன்னால் அடக்கத்தோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் சாரம் எளிமையானது. மாநிலங்களின் பங்கில் கை வைக்காமல், கீழே இருக்கும் ஆற்றின் இயற்கை வளமும் பண்பாட்டு வளமும் கெடாதபடி, முடிந்தால் மேம்படும்படி அணையை இயக்கு என்றது. 1996-இல் புதிய விதிகள் வந்தன. பகலில் குறைந்தது 8,000 கன அடி, இரவில் குறைந்தது 5,000. சாதாரண நாளில் 25,000-க்கு மேல் கூடாது. ஏற்றும்போது மணிக்கு 4,000-க்கு மேல் ஏற்றாதே, இறக்கும்போது 1,500-க்கு மேல் இறக்காதே. ஏனென்றால் தண்ணீர் சட்டென்று வடிந்தால் ஈர மணற்கரை சரிந்து விழும்.

வருடத்து மொத்தத்தில் ஒரு சொட்டுகூட மாறவில்லை. நேரமும் வேகமும்தான் மாறின. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

செயற்கை வெள்ளம்

1996 மார்ச் 26. அப்போதைய உள்துறை அமைச்சர் புரூஸ் பாபிட் நேரில் வந்து அணையின் புறவழிக் குழாய்களைத் திறந்துவிட்டார். விநாடிக்கு 45,000 கன அடி, ஏழு நாள். ஆற்றின் அடியில் கிடக்கும் மணலை வெள்ளம் கிளப்பிக் கரையில் மேலேற்றிப் போடும் என்பது எண்ணம். போட்டது. புதுத் திட்டுகளைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில மாதத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது.

ஏன் என்று ஆராய்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியில் வருடக்கணக்கில் மணல் சேர்ந்து கிடக்கும் என்று நினைத்தது தப்பு. பரியா ஆறு கொண்டுவரும் மணல் சில மாதங்களுக்குள் கீழே ஓடிப்போய்விடுகிறது. அடியில் புது மணல் இல்லாத நேரத்தில் வெள்ளம் விட்டால், அது பழைய திட்டின் அடியை உருவித்தான் மேலே பூசும். ஆகவே பரியாவில் மணல் வந்த கையோடு வெள்ளத்தை விட வேண்டும். 2004 நவம்பரில் அப்படிச் செய்து பார்த்தார்கள், பிறகு 2008-இல். 2012-இல் அதற்கென்றே ஒரு நடைமுறையை வகுத்தார்கள். அந்த வருஷம் தொடங்கி 2013, 2014, 2016, 2018 என்று வெள்ளம் விட்டார்கள். பிறகு நாலு வருஷம் இடைவெளி.

2023 ஏப்ரலில் மறுபடி விட்டார்கள். 39,500 கன அடி, 72 மணி நேரம். அதற்குப் பிந்தைய கோடையில்தான் நாங்கள் படகில் போனோம். "நீங்க குடுத்து வெச்சவங்க. போன வருஷம் இந்த இடத்துல நாலு கூடாரம் போட முடியாது" என்றார் கைடு. காலடியில் மணல் புதுசாக, வெள்ளையாக, பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் மணலாக இருந்தது.

வெள்ளம் மட்டுமல்ல. ஆற்றில் பூச்சி குறைந்து, அதனால் மீனுக்குத் தீனி குறைந்தது ஏன் என்றும் தேடினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தேடியவர்களில் படகோட்டிகளும் உண்டு என்பது. ஒவ்வொரு இரவும் ஒரு பெட்டியின் மேல் சிறு விளக்கை ஏற்றி, விழும் பூச்சிகளைக் குப்பியில் அடைத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் கைடும் கொடுத்திருக்கிறார். காரணம் தெரிந்தது. பூச்சிகள் நீரோரத்துக் கல்லில் முட்டையிடும். தண்ணீர் இறங்கினால் முட்டை காய்ந்து செத்துவிடும். அதற்கு 2018 கோடையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மின்தேவை குறைவாக இருக்கும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்ணீரைத் தாழ்வாக, ஒரே சீராக விடுவது. அப்போது இடும் முட்டைகள் எப்போதும் நீருக்கு அடியிலேயே இருக்கும். பூச்சிக்கும் வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை!

குளிர்ந்த நீர் எதிரி, வெந்நீரும் எதிரி

இதுவரை படித்தவர்கள் எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரு மீன் கதையைக் கேளுங்கள்.

ஹம்ப்பேக் சப் என்று ஒரு மீன். முதுகில் திமில் போல ஒரு புடைப்பு. கொலராடோ படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கலங்கிய, கோடையில் வெதுவெதுப்பாகும் நீருக்குப் பழகிய மீன். அணை வந்து வருடம் முழுக்க 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிர்நீரை விட்டதும் அதன் இனப்பெருக்கம் பெரிய ஆற்றில் நின்றது. இயற்கையாக வெதுவெதுப்பாக இருந்த லிட்டில் கொலராடோவில் ஒதுங்கிப் பிழைத்தது. 1967-லேயே அழியும் இனப் பட்டியலில் ஏறியது.

குளிர்நீரில் செழித்தது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன். அது சப் குஞ்சுகளைத் தின்கிறது என்று 2003 முதல் 2006 வரை லிட்டில் கொலராடோ சேருமிடத்தில் ட்ரவுட்டை மின்சாரம் பாய்ச்சிப் பிடித்து அகற்றினார்கள். அறிவியல்படி அது நியாயமான காரியம். ஆனால் ஜூனி மக்கள் எதிர்த்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு எங்கள் இனம் தோன்றிய புனித இடம், அங்கே உயிர்களை இப்படிக் கூட்டமாகக் கொல்வது தகாது என்றார்கள். அந்தக் குரலைத் தள்ளிவிடாமல், உயிரோடு பிடித்து வேறிடத்தில் விட முடியுமா என்று பேச வேண்டி வந்தது. மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்ததால்தான் அது நடந்தது. 1997 முதல் இயங்கும் ஆலோசனைக் குழுவில் மாநிலங்கள், பழங்குடி அரசுகள், மின்சாரம் வாங்குவோர், சூழல் அமைப்புகள், மீன்பிடிப்போர், படகோட்டிகள் எல்லோருக்கும் இடம் உண்டு. முடிவு உள்துறை அமைச்சர் கையில்தான். ஆனாலும் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்லியாக வேண்டும்.

பிறகு வந்தது வறட்சி. 2023 தொடக்கத்தில் பவல் ஏரி, நிரம்பியதற்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. நிரம்பினால் 3,700 அடி. அப்போது 3,520-க்கும் கொஞ்சம் கீழே. 3,490-க்குக் கீழே போனால் டர்பைன் சுற்றாது. ஏரி இறங்கியதும் மேல்பரப்பின் சூடான தண்ணீர் டர்பைன் வாய்க்குள் போக ஆரம்பித்தது. ஆறு வெதுவெதுப்பானது. சப் மீனுக்கு நல்லதுதானே? ஒரு வகையில் ஆமாம், 2021-இல் அதை அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கியிருந்தார்கள். ஆனால் அதே வெதுவெதுப்பில் ஏரியிலிருந்த ஸ்மால்மவுத் பாஸ் என்ற கொன்றுண்ணி மீனும் டர்பைன் வழியே தப்பி வந்து, 2022 கோடையில் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்தது. மேல்படுகையில் இந்த மீன் புகுந்த ஆறுகளில் சப் இனம் என்ன ஆனது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அறுபது வருஷம் சப் மீனைக் கொன்ற அதே குளிர்நீர்தான் அதற்குக் கேடயமாகவும் இருந்திருக்கிறது! எனவே 2024 ஜூலையிலிருந்து டர்பைனுக்கும் நூறடி கீழே இருக்கும் புறவழிக் குழாய்களைத் திறந்து, அடித்தண்ணீரைக் கலந்து ஆற்றைக் குளிர வைத்தார்கள். பாஸ் மீனின் பெருக்கம் கட்டுப்பட்டது. ஆனால் அந்தக் குழாய் வழியாகப் போகும் தண்ணீர் ஒரு யூனிட் கரன்ட்கூடத் தராது. அதே குழாய்களில்தான் 2023 வெள்ளத்துக்குப் பிறகு உள்பக்கச் சேதம் தெரிந்து, புதுப்பூச்சு பூச வேண்டியிருந்தது.

என் வீட்டு ஏசி

இனி நான் என் பக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023 ஜூலையில் அம்மா எங்களோடு இருந்தார். அந்தக் கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். எங்கள் மாவட்டத்தில் அந்த வருஷம் வெப்பத்தால் இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். ஒரு மாலை எங்கள் ஏசி நின்றுபோனது. ஆள் வந்து பழைய கெப்பாசிட்டரை மாற்ற மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் அம்மாவுக்கு முகம் வெளுத்து, பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணி போர்த்தி, காரில் ஏசி போட்டு உட்கார வைத்து, ஒரு வழியாகச் சமாளித்தோம். "நம்ம ஊர்ல வெயில் அடிக்கும்டா, இங்க வெயில் கொல்லுது" என்றார்.

அந்த மூன்று மணி நேரம் எனக்கு மீனும் மணலும் ஞாபகத்துக்கு வரவில்லை. கரன்ட் வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அணைமின்சாரத்தைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க என்னால் முடியாது. கிளென் கேன்யன் மின்சாரம் ஏழு மாநிலங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போகிறது. வாங்குவதில் பெரும்பாலும் சிற்றூர்களும், கிராமத்துக் கூட்டுறவு அமைப்புகளும், பழங்குடிகளின் மின்வாரியங்களும்தான். நவஹோ நிலத்தில் இன்றும் கம்பி போகாத வீடுகள் உண்டு. தண்ணீரைப் புறவழியில் விடும்போது விட்டுப்போகும் மின்சாரத்தைச் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பாரம் முதலில் விழுவது இவர்கள் தலையில். என்னைப் போன்ற பெருநகரத்துக்காரன் மில்லில் ஒரு வித்தியாசமும் உணராமல் "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிவிட்டுப் போகலாம். அது நியாயமில்லை.

ஆனால் மறுபக்கமும் நியாயமில்லை. மின்சாரத்தின் விலையில் மணல் இழந்த கணக்கு, மீன் இழந்த கணக்கு, முன்னோர் இடம் அரிந்த கணக்கு எதுவும் முப்பது வருஷமாக ஏறவில்லை. அது மலிவாக இருந்ததன் காரணம், செலவை ஆறு ஏற்றுக்கொண்டதுதான். இன்று அந்தச் செலவில் ஒரு பங்கு பில்லில் தெரிய ஆரம்பித்தால், அதைப் புதிய சுமை என்று சொல்வது சரியா? பழைய பாக்கி என்று சொல்வதே சரி.

2026-க்குப் பிறகு

பவல் ஏரியையும் கீழே உள்ள மீட் ஏரியையும் எப்படி இயக்குவது என்ற 2007-ஆம் ஆண்டு விதிகள் 2026-இல் முடிகின்றன. அதற்கடுத்த விதிகளுக்காக ஏழு மாநிலங்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி வருகின்றன. யார் எவ்வளவு வெட்டிக்கொள்வது என்பதே பேச்சு முழுக்க. அது புரிகிறது. இல்லாத தண்ணீரைத்தான் 1922-இல் பங்கு போட்டார்கள், இப்போது வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்தில் நேரம் பற்றிய கேள்வி அமுங்கிப்போகும் என்று பயமாக இருக்கிறது.

ஏரியின் மட்டம் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதுதான் கீழே ஆற்றின் வெப்பத்தைத் தீர்மானிக்கும். வசந்தத்தில் கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்து வைத்தால்தான் வெள்ளம் விட முடியும். புறவழிக் குழாய்கள் நல்ல நிலையில் இருந்தால்தான் வெள்ளமும் விடலாம், குளிரவும் வைக்கலாம். இவை எல்லாம் "மிச்சமிருந்தால் பார்ப்போம்" என்ற வரிசையில் நின்றால் எந்த வறட்சி ஆண்டிலும் மிச்சம் இருக்காது.

என் கருத்தில் மூன்று காரியம் நடக்க வேண்டும். மணல் வந்த வருஷத்தில் வெள்ளம் விடுவது, கோடையில் நீரின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது இரண்டும் புதிய விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். அதனால் மின்சாரம் இழக்கும் சிற்றூர்களுக்கும் பழங்குடி வாரியங்களுக்கும் மத்திய அரசு ஈடுகட்ட வேண்டும், ஏனென்றால் கிராண்ட் கேன்யன் நாடு முழுமைக்கும் சொந்தம். அணையின் குழாய்களை, தாழ்ந்த மட்டத்திலும் பயமின்றித் திறக்கும்படி சீரமைக்க வேண்டும். மூன்றுக்கும் காசு ஆகும். ஆகட்டும்.

சித்தப்பாவின் கேள்வி

வாரம் ஒருமுறை ஊருக்குப் பேசுவேன். சித்தப்பா இன்னும் கொள்ளிடக் கரையில் நெல் போடுகிறார். போன் எடுத்ததும் முதல் பேச்சு, "மேட்டூர்ல இன்னைக்கு எவ்வளவு திறந்திருக்கான் தெரியுமா?" இணையத்தில் பார்த்து நான்தான் அவருக்குச் சொல்வேன். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் பக்கத்து அணையின் கன அடியைச் சொல்வதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

ஒருநாள் இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். மணலுக்காக வெள்ளம் விடுகிறார்கள், பூச்சிக்காக சனி ஞாயிறு தண்ணீரைச் சீராக வைத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பூச்சிக்கா?"

"ஆமா சித்தப்பா."

"இங்க மனுசனுக்கே சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு. மணலுக்குன்னு எவன்டா தண்ணி விடுவான்?"

அவர் கேட்டதில் கேலி பாதி, ஏக்கம் பாதி. காவிரிக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் நேரடி ஒப்பீடு சரிவராது. அங்கே பாசனத்தை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள். இங்கே ஆற்றோரம் பெரும்பாலும் பாறை. ஆனாலும் காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சியைப் பங்கு போட்டபோது 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்று தனியே ஒதுக்கியது. அந்தப் பத்து எந்த மாதம், எந்த வேகத்தில், எந்த மணலுக்காக, எந்த மீனுக்காக என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1934 முதல் மேட்டூருக்குப் பின்னால் தங்கிய மணலும், கீழே கொள்ளிடத்தில் அள்ளிப்போன மணலும், முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுவதும் ஒரே கணக்கில் சேர்ந்தவை. நாம் டிஎம்சியை மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம்.

"எவனும் தானா விட மாட்டான் சித்தப்பா. இங்கயும் முப்பது வருஷம் விடல. கீழ இருந்தவங்க விடாம கேட்டாங்க. சட்டம் வந்துச்சு. அப்புறம்தான் விட்டாங்க" என்றேன்.

"அப்ப நாமளும் கேக்கணும்ங்கிற."

"ஆமா."

"சரி, அதை அப்புறம் கேப்போம். இன்னைக்கு எவ்வளவுன்னு சொல்லு."

பார்த்துச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார். இங்கே சாயங்காலம் ஆறு மணி, வெளியே 108. எழுந்து போய் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தேன். அந்த இரண்டு டிகிரியால் ஆறு பிழைத்துவிடாது, எனக்குத் தெரியும். ஆனால் நாளை ராத்திரி அந்த மணல் திட்டில் யாரோ படகைக் கட்டிவிட்டுத் தூங்கப்போகிறார்கள்.